ஆறு ஆருக்குச் சொந்தம்?

(எங்கள் வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. பேச்சுத் தமிழைக் கூடுமானவரை அப்படியே விட்டிருக்கிறேன். கூட்டத்தின் முடிவில் வந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.)



இந்த மாதம் நான் உல்லாசப் பயணம் பற்றிப் பேசப்போறன் என்று குழுவில் எழுதினவுடன ரெண்டு பேர் சிரிப்பு முகம் போட்டவை. "எங்க போறம், எப்ப வெளிக்கிடுறம்?" என்று இன்னொருத்தர் கேட்டிருந்தார். சிரிக்கலாம், பரவாயில்லை. வாடகை, வதிவிட உரிமை, சம்பளம் என்று பேசுற இடத்தில் ஆற்றுச் சொகுசுக் கப்பலைப் பற்றிப் பேச என்ன இருக்கு என்றுதான் நானும் முதலில் நினைச்சனான்.

கதை எங்கட வீட்டுக் குசினியில் தொடங்குது.

என்ர அம்மா பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யிறா. இங்க இருக்கிற கனபேரின்ர அம்மாமாரும் அந்த வேலைதான், உங்களுக்குத் தெரியும். அங்க எண்பது தாண்டின ஒரு அம்மா இருக்கிறா. கணவர் போன பிறகு பயணக் கையேடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறதுதான் அவவின்ர பொழுதுபோக்கு. ஒருநாள் ஒரு கையேட்டை நீட்டி, "நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே, இது நல்லா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறா. அது கங்கையில் போற கப்பல். வாரணாசியில் ஏறினால் கொல்கத்தாவில் இறங்கலாம். வழியில வனவிலங்கு பார்க்கலாம், பழைய கோயில், பௌத்த இடிபாடு எல்லாம் பார்க்கலாம். அம்மா கங்கையைக் கண்டதே இல்லை. அவ ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் இருந்து பார்க்கிற ஆறு, பேர்ணைச் சுத்திக்கொண்டு போற எங்கட ஆரே ஆறுதான். ஆனாலும் "பார்த்துச் சொல்லுறன்" என்று கையேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திட்டா.

குசினி மேசையில ரெண்டு பேரும் இருந்து பார்த்தம். ஒரு பக்கத்தில் நாலு படம். ஒன்றில் டொல்பின், தமிழில் ஓங்கில். அதுக்குக் கீழ பேர் இருக்கு, லத்தீன் பேரும் இருக்கு: பிளாட்டனிஸ்டா கங்கெட்டிகா. இன்னொன்றில் செங்கல் இடிபாடு. அதுக்கும் பேரும் நூற்றாண்டும் போட்டிருக்கு. மூன்றாவது, கப்பலின்ர மேல்தட்டு. நாலாவதில் ஒரு மனுசன், சூரியன் படுகிற நேரம், சின்னப் படகில் நிண்டு வலை வீசுறார். கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால், "காலத்தால் மாறாத வாழ்க்கை."

அம்மா அந்தப் படத்தில விரலை வைச்சா. "இந்த மனுசனுக்குப் பேர் இல்லையா?" என்று கேட்டா. பிறகு இன்னும் கிட்டப் பார்த்திட்டு, "இது படத்துக்காக வீசின வலை. கப்பல் ஓடுற ஆழத்துக்குக் கிட்ட நிண்டு ஆரும் இப்பிடி வீச மாட்டினம். வலை கிழிஞ்சு போகும்" என்றா.

உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும் என்று கேட்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுச் சொன்னா: "அப்பா கடலுக்குப் போனவர்தானே."

எனக்கு 24 வயசு. அம்மப்பா கடற்றொழிலாளி என்று எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். "அவர் யாவாரம் செய்தவர்" என்றுதான் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லியிருந்தவை. கோயிலில ஆரும் ஊர் எது என்று கேட்டால் அம்மா பக்கத்து ஊரின்ர பேரைத்தான் சொல்லுவா. அது ஏன் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சுவிஸுக்கு வந்து முப்பது வருசமாகியும் எங்கட ஆக்கள் சாதியைப் பெட்டியில் இருந்து வெளியில எடுத்து எறியேல்லை.

அம்மா கேட்டது ஒரு சின்னக் கேள்வி. இந்த மனுசன் ஆர்? நான் படிக்கிறது புவியியல், நீர் உரிமை பற்றித்தான் என்ர முதுகலை ஆய்வும். அதனால எங்க தேட வேணும் என்று தெரிஞ்சிருந்தது. ஆனால் நான் கங்கைக்குப் போனதில்லை. இதை முதலே சொல்லி வைக்கிறன். நான் சொல்லப்போறது வாசிச்சு அறிஞ்சது.

முதலில் கப்பல்.

2023 ஜனவரி 13ஆம் திகதி வாரணாசியில் இருந்து 'கங்கா விலாஸ்' என்ற கப்பல் வெளிக்கிட்டது. காணொளி வழியாகக் கொடி அசைச்சு அனுப்பி வைச்சவர் இந்தியப் பிரதமர் மோடி. 62 மீற்றர் நீளம், 18 அறை, 36 பேர் போகலாம். 51 நாள், ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர், 27 ஆறுகள், இந்தியாவுக்குள்ளால, பங்களாதேசுக்குள்ளால, அசாமில் திப்ருகர் வரைக்கும். உலகத்திலேயே நீளமான ஆற்றுப் பயணம் என்று விளம்பரம். அந்த முதல் பயணத்தில் போன 32 பேரும் எந்த நாட்டுக்காரர் தெரியுமோ? சுவிஸ்காரர். எங்கட அம்மாமார் காலையில் எழுப்பி, காலுறை போட்டுவிட்டு, கோப்பி குடுக்கிற தலைமுறையை நினைச்சுப் பாருங்கோ. அதே தலைமுறையில வசதியும் உடம்பில தெம்பும் மிச்சம் இருக்கிற ஆக்களுக்காகத்தான் இந்தப் பயணங்களை விற்கினம். இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்லுறன். சந்தை இங்கதான் இருக்கு.

வெளிக்கிட்டுச் சில நாளில், பிகாரில் சப்ராவுக்குக் கிட்ட, கப்பல் கரைக்கு வரேல்லை. ஆழமில்லாத தண்ணியில் தட்டிப்போச்சு என்று செய்தி வந்தது. அப்பிடி ஒன்றும் இல்லை, திட்டப்படிதான் நடுவில நிறுத்தினது என்று அரசு மறுத்தது. எது எப்பிடியோ, பயணிகளைச் சின்னப் படகுகளில் ஏத்தித்தான் சிராந்த் என்ற புதைபொருள் இடத்தைப் பார்க்கக் கரைக்குக் கொண்டு போனவை. இந்த இடத்தை ஞாபகம் வைச்சிருங்கோ. ஆழம் என்ற விசயத்துக்குத் திரும்பி வருவன்.

இப்ப அந்த ஆற்றின் ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பம். பிகாரில் பகல்பூர் மாவட்டம். மேற்கில் சுல்தான்கஞ்ச், கிழக்கில் கஹல்காவ், அதையும் தாண்டி பீர்பைந்தி. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் கங்கை. கையேட்டில் இருந்த டொல்பின், இடிபாடு, வலை வீசுற மனுசன், மூன்றும் இந்தத் துண்டில் இருக்கு.

பண்பாட்டில இருந்து தொடங்குவம். கஹல்காவுக்குக் கிட்ட இருக்கிற இடிபாடு விக்கிரமசீலம். பால வம்சத்து அரசன் தர்மபாலன் கட்டின பௌத்தப் பல்கலைக்கழகம். நாலந்தாவுக்குச் சமனாகப் பேசப்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் போன அதீசர் இங்க இருந்துதான் போனவர். பெரிய வரலாறு. பார்க்க வேண்டிய இடம், அதில எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் பக்கம் சுல்தான்கஞ்ச். 1861இல் அங்க ரயில்பாதை போடத் தோண்டேக்க ஒரு செப்புப் புத்தர் சிலை கிடைச்சது. 2 மீற்றரை விட உயரம், 500 கிலோவுக்குக் கிட்ட நிறை, 1,300 வருசத்துக்கு மேல பழசு. இப்ப அது எங்க இருக்கு? இங்கிலாந்தில், பேர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில். அந்த ஊர்த் தொழிலதிபர் ஒருத்தர் 200 பவுண் குடுத்து வரவழைச்சவர். இங்கிலாந்தில் இருந்து இணைஞ்சிருக்கிற தோழர்கள் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம். ஆக, கப்பலில் போற ஆள் சுல்தான்கஞ்சில் இறங்கினாலும் அந்த ஊரின்ர மிகப் பெரிய சிலையைக் காண ஏலாது. "மரபைப் பார்க்க வாங்கோ" என்கிற அழைப்புக்குப் பின்னால, மரபை ஆர் எடுத்துக்கொண்டு போனது என்ற கேள்வியும் இருக்கு. இது நாங்கள் எல்லாரும் அடிக்கடி பேசுற கதை, அதனால இதை இதோட விடுறன்.

நான் பேச வந்தது நாங்கள் அடிக்கடி பேசாத கதை.

இந்தியாவில் 1950களில் ஜமீன்தாரி முறையைச் சட்டம் போட்டு ஒழிச்சவை என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கு. நிலத்தில ஒழிச்சவை. தண்ணியில ஒழிக்கேல்லை. இந்த 80 கிலோமீற்றர் கங்கை, முகலாயர் காலத்தில் இருந்து வந்த உரிமை என்று சொல்லி, 1980கள் வரைக்கும் ரெண்டு ஜமீன்தார்களின்ர கையில இருந்தது. பானிதார் என்று சொல்லுவினம், தண்ணி முதலாளி. ஓடுற ஆற்றுக்கு ஒரு முதலாளி! படகை இறக்கினால் வரி, வலையைப் போட்டால் வரி. குடுக்காட்டி முதலாளியின்ர ஆக்கள் வந்து மீனையும் வலையையும் பறிப்பினம், அடிப்பினம். கரையில இருந்தவை மல்லாஹ், நிஷாத் என்று சொல்லப்படுற மீனவச் சாதியினர். பரம்பரை பரம்பரையாக அந்த ஆற்றில தொழில் செய்த சனம்.

1982இல், கஹல்காவில் காக்ஜி டோலா என்ற மீனவர் குடியிருப்பில் 'கங்கா முக்தி ஆந்தோலன்', அதாவது கங்கை விடுதலை இயக்கம் தொடங்கினது. ஜெயப்பிரகாஷ் நாராயணனின் 1970கள் இயக்கத்தில் வளர்ந்த இளைஞர்கள், ஏறத்தாழ எங்கட வயசு ஆக்கள், வந்து மீனவர்களோட சேர்ந்து நிண்டவை. ஆயுதம் எடுக்கேல்லை. வரி குடுக்க மாட்டம் என்று சொன்னவை. படகுகளை வரிசையாக விட்டு ஊர்வலம் போனவை. பெண்களும் முன்னுக்கு வந்து நிண்டவை. அவை கேட்டது ஒன்றுதான்: ஆற்றுக்கு முதலாளி இருக்கக் கூடாது. 9 வருசம் போச்சு. 1991இல் பிகார் அரசு கங்கையில் அந்தக் குத்தகையையும் வரியையும் நீக்கி, பரம்பரை மீனவர் வரியில்லாமல் மீன் பிடிக்கலாம் என்று அறிவிச்சது.

தோழர்களே, இதை ஒருக்கா நிதானமாக யோசிச்சுப் பாருங்கோ. படிப்பு, காசு, சாதி பலம் ஒன்றும் இல்லாத சனம், ஒரு பெரிய ஆற்றின் 80 கிலோமீற்றரை முதலாளிமாரிட்ட இருந்து மீட்டெடுத்திருக்கு. அந்தக் கையேட்டில் இருந்த மனுசன் இந்தச் சனத்தில ஒருத்தர். "காலத்தால் மாறாத வாழ்க்கை" என்று அவருக்குக் கீழ எழுதியிருக்கு. அவரின்ர வாழ்க்கையை அவரே போராடி மாத்தினவர்! அதைத்தான் அந்த ஒரு வரி அழிக்குது. ஒருத்தரை "மாறாதவர்" என்று சொன்னால் அவருக்கு வரலாறு இல்லை என்று அர்த்தம். வரலாறு இல்லாத ஆளுக்கு உரிமையும் தேவையில்லை. அழகான பின்னணியாக நிண்டால் போதும்.

இனி டொல்பின்.

கங்கை டொல்பினுக்குக் கண் தெரியாது என்றே சொல்லலாம். கலங்கின தண்ணியில் கண்ணால பிரயோசனம் இல்லை. ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வாறதைக் கேட்டுத்தான் வழி பார்க்கும், இரை பிடிக்கும். அதுக்குக் காதுதான் கண். 2009இல் இந்தியா அதைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிச்சது. 2025இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவின் ஆறுகளில் 6,327 ஆற்று டொல்பின்கள் இருக்கு. கிட்டத்தட்ட முழுக்கக் கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளில்தான்.

2019இல் இந்திய ஆய்வாளர்கள் பிகார் கங்கையில் செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. கப்பல், இயந்திரப் படகுகளின் சத்தம் கூடேக்க டொல்பின்கள் தங்கட ஒலியை மாத்திக்கொள்ளுது, அதுக்குக் கூடச் சக்தி செலவழிக்குது. கோடைக்கு முன்னால தண்ணி வத்திற காலத்தில் இந்தச் சிரமம் இன்னும் கூடுது என்று அவை காட்டினவை. பெரிய சத்தத்துக்குள்ள நாங்கள் கத்திக் கத்திப் பேசினால் தொண்டை நோகும்தானே. அப்பிடித்தான். அதுக்கு அது பேச்சு மட்டும் இல்லை, பார்வையும்.

இப்ப ரெண்டு விசயத்தைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. உல்லாசப் பயணக் காலம் எது? மழை விட்ட பிறகு, வெய்யில் ஏற முந்தி. ஏறத்தாழ ஒக்டோபரில் இருந்து மார்ச் வரைக்கும். அதே மாதங்களில்தான் ஆற்றின் தண்ணி குறைஞ்சுகொண்டு போகுது. தண்ணி குறைய, ஆழமான இடம் ஒடுங்கின ஒரு வாய்க்கால் மாதிரி ஆகிடும். டொல்பினுக்கு அந்த ஆழம் வேணும். மீனும் அங்கதான், அதனால மீனவருக்கும் அது வேணும். கப்பலுக்கும் அதே ஆழம்தான் வேணும். டொல்பின் காட்டுறம் என்று சொல்லிக் காசு வாங்குற கப்பல், டொல்பின் ஒதுங்குற அதே இடத்தாலதான் போக வேணும்.

ஒரு கப்பலால என்ன வந்திடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையில உல்லாசக் கப்பல் ஒரு முகப்புத்தான். பின்னால இருக்கிறது சரக்குப் பாதை. அலகாபாத்தில் இருந்து ஹால்தியா வரை 1,620 கிலோமீற்றர் கங்கையை 1986இலேயே முதலாம் தேசிய நீர்வழி என்று அறிவிச்சவை. 2016இல் புதுச் சட்டம் வந்து, மொத்தம் 111 நீர்வழிகள். கங்கைப் பாதைக்கு உலக வங்கி 37.5 கோடி டொலர் கடன் குடுத்தது. 1,500, 2,000 தொன் சரக்குக் கப்பல்கள் வருசம் முழுக்க ஓடுற மாதிரி ஆழம் வைச்சிருக்க வேணும் என்றதுதான் திட்டம். ஆழம் தானாக நிக்காது. அடியில மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்க வேணும். நிலக்கரியும் சீமெந்தும் ஏத்திற கப்பலைக் காட்டினால் ஆருக்கும் ஆசை வராது. மேல்தட்டில கதிரை போட்ட வெள்ளைக் கப்பலைக் காட்டினால் வரும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வாறன்.

1991இல் மீனவருக்கு ஆறு கிடைச்சது என்று சொன்னன். அதே 1991இல், அதே ஆற்றில், சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையான ஏறத்தாழ 60 கிலோமீற்றரை 'விக்கிரமசீல டொல்பின் சரணாலயம்' என்று அரசு அறிவிச்சது. சரணாலயம் என்றால் வனவிலங்குச் சட்டத்தின்படி அங்க மீன்பிடிக்குக் கட்டுப்பாடு வரும். ஆக அதே தண்ணி 1986இல் கப்பல் பாதை. 1991இல் மீனவருக்குச் சுதந்திரம். 1991இலேயே டொல்பினுக்குப் பாதுகாப்பு. ஒரே தண்ணிக்கு மூன்று வாக்குறுதி.

மூன்றும் ஒன்றோட ஒன்று முட்டேக்க ஆர் விலகிக் குடுக்க வேணும்? கப்பலா? சரணாலயத்துக்குள்ளால கப்பல் போகுது. சின்னப் படகில நிக்கிற மனுசனிட்டத்தான் அனுமதி இருக்கா என்று கேட்பினம்.

எங்களை மாதிரி இடதுசாரி, சூழலியல் என்று பேசுற ஆக்கள் இங்க ஒரு பள்ளத்தில விழ வாய்ப்பிருக்கு. கப்பலை எதிர்க்கிறதுக்கு எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற வாதம் டொல்பின். "டொல்பினைக் காப்பாத்துவம்" என்றால் இங்க, ஐரோப்பாவில, ஆயிரம் பேர் கையெழுத்துப் போடுவினம். மீனவரின்ர உரிமை என்றால் பத்துப் பேர். ஆனால் டொல்பினை மட்டும் தூக்கிப் பிடிச்சால், அடுத்த வருசம் அதே வாதத்தைக் கொண்டு வந்து ஆரை வெளியேத்துவினம்? கப்பல் கொம்பனியிட்ட வழக்கறிஞர் இருக்கிறார். காக்ஜி டோலாவிட்ட இல்லை.

மீனவர் எல்லாரும் புனிதர் என்றும் நான் சொல்ல வரேல்லை. முந்தி டொல்பினைக் கொன்று அதின்ர எண்ணெயை மீன் பிடிக்கத் தூண்டிலுக்குப் பாவிச்சவை. அது உண்மை. அதை மாத்த என்ன செய்தவை? பாட்னா பல்கலைக்கழகத்து விலங்கியல் பேராசிரியர் ஆர்.கே. சின்ஹா, மீன் கழிவில இருந்து எடுக்கிற எண்ணெயும் அதே வேலையைச் செய்யும் என்று காட்டினவர். மீனவரை விரட்டாமல், அவையோட இருந்து செய்த வேலை. மீனவருக்கும் ஆற்றில மீன் வேணும், டொல்பினுக்கும் மீன் வேணும். மீன் குறைஞ்சதுக்குப் பெரிய காரணங்களில ஒன்று 1975இல் திறந்த ஃபரக்கா அணை. கடலில இருந்து ஆற்றுக்கு ஏறி வாற ஹில்சா மீன் அந்த அணையைத் தாண்டி மேல வரக் கஷ்டப்படுது. அந்த மீனை நம்பியிருந்த பிகார் மீனவருக்கு அது பேரிழப்பு. அந்த அணை டொல்பின் கூட்டத்தையும் ரெண்டாகப் பிரிச்சுப் போட்டுது. ரெண்டு பேருக்கும் அடிச்ச கை ஒன்றுதான். அவை ரெண்டு பேரையும் எதிரிகளாக நிறுத்தினால் ஆருக்கு இலாபம் என்று நாங்கள் கேட்க வேணும்.

வெற்றிக்குப் பிறகு எல்லாம் நல்லபடி முடிஞ்சுது என்றும் நினைக்காதேங்கோ. ஜமீன்தார் போன இடத்தில ஆயுதக் கும்பல்கள் வந்து மீனவரிட்டக் கப்பம் வாங்கத் தொடங்கினவை. வரி போச்சு, கப்பம் வந்தது. போராட்டம் ஒருக்கா வென்றிட்டால் முடியிறதில்லை என்று எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இப்ப எங்கட பக்கம் திரும்புவம்.

போர் முடிஞ்ச பிறகு வடக்கில கரையோரம் உல்லாசத் தலமானதைக் கண்டனாங்கள். காங்கேசன்துறையில் சனத்தின்ர காணியைப் பிடிச்சு வைச்சிருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள இராணுவமே ஒரு விடுதி நடத்தினது. கடல் அழகு, மணல் அழகு. அந்தக் கடலில் ஆர் தொழில் செய்தவை, அவை எந்த முகாமில இருக்கினம் என்றது படத்தில வராது. அப்ப நாங்கள் கோவப்பட்டனாங்கள், சரியான கோவம். அந்தக் கோவத்தை நாங்கள் பயணம் போற இடத்துக்கும் கொண்டு போக வேணும். அங்க ஆற்றுக்காரர் தமிழர் இல்லை என்றதுக்காகக் கோவத்தைப் பெட்டிக்குள்ள வைச்சிட்டுப் போக ஏலாது.

இன்னொன்று, இது இன்னும் கிட்ட. எங்கட அப்பம்மாவின்ர அஸ்தியைக் கரைக்கச் சித்தப்பா காசிக்குப் போனவர். படகில நடு ஆற்றுக்குப் போய்க் கரைச்சவர். இந்தப் பேச்சைத் தயாரிக்கேக்க அவருக்குப் போன் எடுத்து, "சித்தப்பா, அந்தப் படகுக்காரரின்ர பேர் என்ன?" என்று கேட்டன். "ஆர் பிள்ளை அதையெல்லாம் கேட்கிறது" என்றார். ஐயருக்கு என்ன பேர் என்று அவருக்கு ஞாபகம் இருக்கு. தட்சணை எவ்வளவு என்றும் ஞாபகம் இருக்கு. வாரணாசியின் நிஷாத் படகோட்டிகள் பெரிய குரூஸ் கப்பல்கள் தங்கட பிழைப்பைப் பறிக்குது என்று போராடினவை. எங்கட அப்பம்மாவை ஆற்றில சேர்த்த மனுசன் அந்தப் போராட்டத்தில நிண்டிருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேர் கேட்கேல்லை. கையேடு எழுதின கொம்பனியைக் குறை சொல்லுறதுக்கு முந்தி, எங்கட வீட்டு அல்பத்தைப் பார்த்தன். அதிலையும் அந்த மனுசன் முதுகு காட்டிக்கொண்டுதான் நிக்கிறார், பேர் இல்லாமல்.

அப்ப என்ன செய்யலாம்? மூன்று சின்ன விசயம் சொல்லுறன்.

ஒன்று. எங்கட பெற்றோர், சொந்தக்காரர் ஆரும் காசிக்கோ, வேற ஆற்றுப் பயணத்துக்கோ வெளிக்கிட்டால், பெரிய கப்பலை விட்டிட்டு ஊர்ப் படகில ஏறச் சொல்லுவம். காசு நேர அந்தக் கைக்குப் போகட்டும். பேரைக் கேட்கச் சொல்லுவம்.

ரெண்டு. இங்க டொல்பினுக்கோ, புலிக்கோ, யானைக்கோ கையெழுத்துக் கேட்டு ஆரும் வந்தால் ஒரு கேள்வி கேட்பம்: அங்க வாழுற சனத்துக்கு என்ன திட்டம்? பதில் இருந்தால் கையெழுத்துப் போடுவம். இல்லை என்றால் எங்கட கேள்வியை எழுதிக் குடுப்பம்.

மூன்று. கங்கை விடுதலை இயக்கத்தைப் பற்றித் தமிழிலும் டொச்சிலும் நாலு பக்கத்தில ஒரு துண்டுப் பிரசுரம் போடுவம். நான் முதல் வரைவை எழுதுறன். டொச்சைத் திருத்த ஒராள் வேணும், ஹிந்தி வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் கிடைச்சால் இன்னும் நல்லம்.

இவ்வளவுதான். கேள்விகளுக்கு வருவம்.

கேள்வி: அப்ப நாங்கள் ஒருத்தரும் பயணம் போகக் கூடாதா? எங்கட அம்மா அப்பா வாழ்நாள் முழுக்க வேலை செய்தவை. அவையும் ஒருக்கா நல்ல கப்பலில போகட்டுமே?

நல்ல கேள்வி, என்ர வீட்டிலும் இதே சண்டைதான். போகக் கூடாது என்று நான் சொல்லேல்லை. ஓய்வு வேணும் என்றது தொழிலாளியின்ர உரிமை, அதுக்கும் சனம் போராடித்தான் லீவு வாங்கினது. பிரச்சினை போறதில இல்லை. எங்கட ஓய்வுக்காக ஒரு ஆற்றின்ர சனம் விலகி நிக்க வேணும் என்று ஏற்பாடு செய்திருக்கினம், அதிலதான் பிரச்சினை. அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்கிற பயணியாகப் போகலாம். கரையில இறங்கினால் இடிபாட்டை மட்டும் பார்க்காமல் மீன் சந்தைக்கும் போகலாம்.

கேள்வி: அந்த முதியோர் இல்லத்து அம்மா கடைசியில போனவவா?

இல்லை, முழங்கால் விடேல்லை. ஆனால் அம்மா கையேட்டைத் திருப்பிக் குடுக்கேக்க நான் சொன்னதை எல்லாம் அவவுக்குத் தன்ர டொச்சில சொல்லியிருக்கிறா, ஜமீன்தார் கதை உட்பட. அவ முழுக்கக் கேட்டுப்போட்டு, "உங்கட அப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டிருக்கிறா. கோயிலில சொல்லாத பதிலை அம்மா அங்க சொன்னவ. அந்த அம்மா உடன தன்ர கதிரையைத் திருப்பி, "எந்த மாதிரி வலை?" என்று கேட்டவவாம். அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் வலையைப் பற்றிக் கதைச்சவையாம். மேற்பார்வையாளர் வந்து பார்த்திட்டுப் போனவராம்.

இண்டைக்கு இதைக் கூட்டத்தில சொல்லலாமா என்று நேற்று ராத்திரி அம்மாட்டக் கேட்டன். கொஞ்சம் யோசிச்சுப்போட்டுச் சொன்னா: "சொல்லு. ஆனா மீன்காரன் எண்டு சொல்லாத. கடற்றொழிலாளி எண்டு சொல்லு."

சொல்லிட்டன் அம்மா.

பின்னால தேத்தண்ணியும் வடையும் இருக்கு. துண்டுப் பிரசுரத்துக்கு உதவ விரும்புற ஆக்கள் போக முந்தி என்னட்டப் பேர் தாங்கோ.